ஒரே பாவில் மூன்று சேலைகள்

உடுத்திச் செல்லச் சேலை இல்லை என்று நான் சொன்னால் என் வீட்டார் நகைப்பார்கள். அலுமாரியில் 27 சேலைகள் இருந்தன. ஆயினும், பாடசாலைக்கு நாள்தோறும் உடுக்கத் தக்கவை அவற்றுள் இரண்டே. சில கலியாண வீடுகளுக்கென வாங்கியவை. சில அன்பளிப்பாய் வந்தவை. சில தோளில் நில்லாது வழுகும் செயற்கை இழைச் சேலைகள். மனத்துக்குப் பிடித்த சேலைக்குப் பொருந்திய சட்டை இராது. சட்டை இருந்தால் அது சிறுத்துப் போயிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, அத்தகைய சட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, "தலை பின்னி விடுங்கம்மா" என்று சீப்போடு வந்து நின்றாள் என் மகள். பொருள் அகப்படாத சினத்தையெல்லாம் அவள்மேற் கொட்டினேன். அவள் மறுமொழி பேசாது தானே பின்னிக்கொண்டு போனாள். ஒன்று மேலும் ஒன்று கீழுமாய்க் கிடந்த அந்த இரட்டைப் பின்னல், அன்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் கண்முன் நின்றது.

இதனை ஓய்வு வேளையில் உடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். அவருடைய தாய்வீடு மருதமுனை. "விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள், தறியைப் பார்த்துவிட்டுச் சேலை வாங்குங்கள்" என்றார்.

மருதமுனை, மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், கல்முனைக்குச் சற்று முன்னே இருக்கும் கடலோர ஊர். ஆவணி விடுமுறையில் ஒரு நாள் காலை பஸ் ஏறினேன். கல்லடியில் 1924 ஆம் ஆண்டுப் பழைய பாலம் பக்கத்தில் நிற்க, 2013 இல் திறந்த புதிய பாலத்தின் வழியே வாவியைக் கடந்தோம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இடப்புறம் கடற்காற்று, வலப்புறம் தென்னைகளுக்கு அப்பால் வாவியின் ஒளி. கல்லாற்றைத் தாண்டியதும் நண்பியின் ஊர் வந்துவிட்டது.

அவர் என்னை அழைத்துச் சென்ற வீட்டின் பக்கத்துக் கொட்டிலில் இரண்டு தறிகள் இருந்தன. நெய்துகொண்டிருந்த மூதாட்டியை நண்பி 'ராத்தா' என்றழைத்தார். நானும் அவ்வாறே அழைத்தேன். அருகில் மடித்து வைத்திருந்த இரண்டு சேலைகளும் தறியில் வளர்ந்துகொண்டிருந்த மூன்றாவதும் வெவ்வேறு நிறம். ஆனால் மூன்றிலும் அரக்கு நிறத்தில் ஒரே கரை. காரணம் கேட்டேன்.

"கரை பாவில கிடக்குது தங்கச்சி. பாவு ஒண்டுதான். ஊடைய மாத்தினா உடம்பு நிறம் மாறும், கரை மாறாது" என்றார் ராத்தா.

நெடுக்கே ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ராத்தாவின் பாவு வெண்சந்தன நிறம். இரு ஓரங்களிலும் அரக்கு. அதனூடே நீல ஊடை சென்றால் மெல்லிய நீலச் சேலை. சாம்பல் ஊடை சென்றால் சாம்பற் சேலை. மூன்றுக்கும் அரக்கு நிறச் சட்டை ஒன்றே போதும்! நான் இத்தனை காலமும் சேலையை முதலில் வாங்கிச் சட்டைக்கு அலைந்தேன். கரையை முதலில் தீர்மானித்திருந்தால் அந்த அலைச்சல் ஏன்?

அடுத்த தறியில் ஓர் இளம்பெண் புதுப் பாவின் முனைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வோர் இழையாய்ப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 60 இழை என்று கொண்டால், 2,700 முடிச்சுகள். விலையைக் குறைக்கக் கேட்பதற்கு வாயெடுத்த நான் அந்த விரல்களைக் கண்டு பேசாதிருந்துவிட்டேன்.

"கொட்டிலுக்குள்ள எல்லாச் சேலையும் அழகுதான். வெளிய வாங்க" என்று ராத்தா என்னை முற்றத்து வெயிலுக்கு அழைத்தார். சேலைகளை ஒவ்வொன்றாய் என் நாடியின் கீழ்ப் பிடித்துக் கண்ணாடியைத் தந்தார். நான் ஆசையோடு எடுத்த மஞ்சள் என் முகத்தைச் சோரச் செய்தது, நீலம் தெளிவித்தது. நான் உயரங் குறைந்தவள். அகன்ற கரை என்னை மேலும் குறுக்கும், ஒன்றரை அங்குலக் கரையே போதும் என்றும் அவரே சொன்னார். நீலமும் சாம்பலும் வாங்கினேன். மூன்றாவதற்கு ஊடையின் நிறத்தை என்னையே தெரியச் சொன்னார். இலைப் பச்சை என்றேன்.

தேநீர் அருந்தும்போது ஊரின் கதையைச் சொன்னார்கள். 1977 இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு வந்து குவிந்த வெளிநாட்டுத் துணிகள் நெசவை நலித்தன. 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தில் உயிர்களையும் வீடுகளையும் தறிகளையும் வாரிச் சென்றது. ராத்தாவின் மகன் தறியை விட்டு மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். "நூல் விலை ஏறினாலும் தறி நிண்டாத்தான் எனக்கு நித்திரை வராது" என்றார் அவர்.

அடுத்த வாரம் பச்சைச் சேலையும் வந்து சேர்ந்தது. முன்பிருந்த இரண்டு பருத்திச் சேலைகளையும் கூட்டினால் ஐந்து நாளைக்கு ஐந்து. அரக்கில் ஒன்றும் வெண்சந்தனத்தில் ஒன்றுமாக இரண்டு சட்டைகள் தைப்பித்தேன். ஐந்து சேலைகளுக்கும் அவை பொருந்தின. நனைத்த வெள்ளைத் துணியால் கரையைத் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்தேன். முதற் சலவையைத் தனியே குளிர்ந்த நீரிற் செய்து, நிழலில் உலர்த்தினேன். ஞாயிறு மாலை ஐந்தையும் இஸ்திரி போட்டு, உடுக்கும் வரிசையில் அடுக்கி வைப்பேன். எஞ்சியவற்றுள் விழாவுக்கு வேண்டியவை போக, மற்றவற்றை உடுப்பாருக்குக் கொடுத்துவிட்டேன்.

சகோதரிகளே, நிறையச் சேலை இருப்பது வேறு. உடுக்கச் சேலை இருப்பது வேறு. அடுத்த சேலையை வாங்குமுன் வீட்டிலுள்ள சட்டைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்திற் பாருங்கள்.

இப்போது காலையில் எனக்குக் கால் மணி நேரம் மிஞ்சுகின்றது. அந்த நேரத்தில் மகள் சீப்போடு வந்து என் முன்னே முதுகு காட்டி அமர்கிறாள். பச்சைச் சேலை உடுக்கும் நாளில் மட்டும், "இது நீங்க நிறம் சொன்ன சேலை" என்று நினைவூட்டுவாள். பின்னல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.