மெழுகும் முதலும்

அபிராமபுரத்தில் எங்கள் அடுக்களையிலேயே மெழுகுவர்த்தி வார்த்து விற்றுத் தம்பியின் படிப்புச் செலவைத் தாங்க அன்னையாரும் யானும் எண்ணியுள்ளோம். மெழுகு, திரி, அச்சு, எரிபொருள், அட்டைப்பெட்டி ஆகியவற்றை எவரும் கணக்கிடுவர். உடைந்த வர்த்தியும் உழைத்தவர் கூலியும் ஏட்டில் ஏறுவது அரிது. விற்ற பணம் முழுதும் ஊதியமன்று. நாளைய மெழுகும் அதனுள் அடங்கும்.

இதனை நன்குணர்ந்தவர், கண்ணொளி இழந்த பாவேஷ் பாட்டியா. மகாராட்டிரத்து மகாபலேசுவரத்தில் 1994-இல் தொழில் தொடங்கிய அவர், வாடகைத் தள்ளுவண்டியில் வர்த்தி விற்று, நாள்தோறும் 25 ரூபாயை மறுநாட் சரக்கிற்கென ஒதுக்கினார். அவர் நிறுவிய சன்ரைஸ் கேண்டில்ஸ் பின்னர்ப் பார்வையற்றோர் பலருக்கு வேலை தந்தது.

ஆதலின் எங்கள் ஏட்டில் முதல்வரி மெழுகிற்கு. இரண்டாவது அன்னையாரின் கூலிக்கு. எஞ்சுவதே தம்பிக்கு. அது சிறிதாயினும் மெய்யான தொகையன்றோ!