ஏர்கன்னும் அப்புச்சி தோட்டத்து மயிலும்

தேர்த்திருவிழாவுக்குப் போய் பலூன் சுடாமல் திரும்பிய பையன் கொங்கு நாட்டில் இருக்க முடியாது. கோனியம்மன் தேரோ, ஊர் மாரியம்மன் நோம்பியோ, ஒரு ஓரத்தில் பலகையில் பலூன் கட்டி வைத்திருப்பார்கள். துப்பாக்கியை நடுவில் மடக்கி, குட்டி ஈயக் குண்டைப் போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். பத்துக்கு நாலு வெடித்தாலே பெரிய விஷயம். மீதி ஆறும் ஏன் தப்பியது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற பையன்தான் பிற்பாடு மெக்கானிக்கல் படிக்கப் போகிறான்!

அப்படி ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோவையில் மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல். கையில் சொந்தமாக ஒரு ஏர்கன் இருக்கிறது. பலூன்கடைத் துப்பாக்கி போல ஸ்பிரிங்கில் ஓடுவது அல்ல. சிலிண்டரில் முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடும் ரகம். பிசிபி என்பார்கள். அவனுடைய ஆசை சின்னதுதான்: பவரும் கூட வேண்டும், ஒரு தடவை காற்றடித்தால் நிறைய குண்டும் சுட வேண்டும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

சிலிண்டரில் இருக்கும் காற்று மாதக் கடைசி பாக்கெட் மணி மாதிரி. தினமும் பிரியாணி என்றால் பத்து நாள், டீயும் வடையும் என்றால் முப்பது நாள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் கொள்ளளவு 200 சிசி. அழுத்தம் 200 பாரில் ஆரம்பித்து 120 பாருக்கு இறங்கும்வரை சுடலாம் என்று வைத்துக்கொண்டால், செலவழிக்கக் கிடைப்பது 16 லிட்டர் சாதாரணக் காற்று. ஒரு குண்டுக்கு 0.4 லிட்டர் போனால் 40 குண்டு. 0.8 லிட்டர் போனால் 20 குண்டுதான். அதற்கு மேல் எந்தக் கொம்பனாலும் முடியாது.

சரி, இரண்டு மடங்கு காற்றைச் செலவழித்தால் இரண்டு மடங்கு பவர் வருமா? அதுவும் வராது. குண்டு குழலுக்குள் இருக்கிறவரைதான் காற்று அதைத் தள்ள முடியும். குண்டு வெளியே போன பிறகும் வால்வு திறந்திருந்தால், அந்தக் காற்று 'டப்' என்ற சத்தமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். தவிர, சக்தி என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சக்தி இரண்டு மடங்கானாலும் வேகம் 1.4 மடங்குதான் ஆகும். ப்ளஸ் ஒன் இயற்பியல் இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொரு வேடிக்கை. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில், சிலிண்டர் முழுக்க நிரம்பியிருக்கும்போது முதல் சில குண்டுகள் மெதுவாகப் போகலாம். உள்ளே இருக்கும் அழுத்தமே வால்வை மூடிப் பிடித்துக்கொள்வதால், சுத்தியல் வந்து அடித்தாலும் அது சரியாகத் திறக்காது. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததும் வேகம் ஏறும். நடுவில் சீராக இருக்கும். பிறகு இறங்கும். கிராஃப் போட்டால் பாலமலைக் குன்று மாதிரி வரும். குறி தப்புவதற்குச் சுடுகிறவனின் கை மட்டும் காரணமல்ல, இந்தக் குன்றும் காரணம்.

இதற்கு மருந்துதான் ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 150 இருந்தாலும் வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும் சின்னப் பாகம். வீட்டில் கேஸ் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்குமே, அதன் தம்பி. அது சரியாக வேலை செய்தால் முதல் குண்டும் முப்பதாவது குண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும். குன்று மேடையாகிவிடும்.

இந்த யோசனையெல்லாம் புதிதும் அல்ல. 1780 வாக்கில் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை பயன்படுத்தியது. அதன் அடிக்கட்டையே காற்றுப் புட்டி. ஒரு புட்டிக்கு ஏறக்குறைய 30 குண்டு. ஆனால் அந்தப் புட்டியை நிரப்பக் கைப்பம்பை 1500 தடவை அடிக்க வேண்டும்! பவரா, எண்ணிக்கையா என்ற சண்டை அன்றைக்கே இருந்திருக்கிறது.

கோவையில் பிறந்தவனுக்கு இங்கே ஒரு மிதப்பு வரும். கம்ப்ரசருக்குப் பேர்போன ஊர். எல்ஜி 1960ல் தொடங்கியது இங்கேதான். கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. ஒரு வாஷரோ ஸ்பிரிங் கைடோ கடைந்து தர ஆளா இல்லை? ஆனால் பட்டறைக் கம்ப்ரசர் கொடுப்பது சாதாரணமாக ஏழெட்டு பார்தான். ஏர்கன்னுக்கு வேண்டியது 200. அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதிக்கப்படாத சிலிண்டரை, பட்டறையில் கிடைத்த குழாயில் செய்து மாட்டுவது, கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிகுண்டை வைத்துக்கொள்வது போல. பிளந்தால் லேத்காரர் பொறுப்பாக மாட்டார்.

அடுத்தது சட்டம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் சக்தி இருந்தாலோ, குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் இருந்தாலோ லைசென்ஸ் வேண்டும். 0.54 கிராம் குண்டு வினாடிக்கு சுமார் 272 மீட்டர் வேகத்தில் போனால் அந்த 20 ஜூல் வந்துவிடும். ஒரு கனமான ஸ்பிரிங், கொஞ்சம் அகலமான காற்றுத் துளை என்று மாற்றிக்கொண்டே போகிறவன், தான் எப்போது கோட்டைத் தாண்டினான் என்பதே தெரியாமல் தாண்டிவிடுவான். வாங்கும்போது விளையாட்டுச் சாமான், திருப்பி மாட்டும்போது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்.

இத்தனைக்கும் அவ்வளவு பவர் எதற்கு? 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் சக்தி சுமார் எட்டு ஜூல்தான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்துக்கு எட்டு ஜூல் போதுமாக இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பதில் அந்தப் பையனிடம் இல்லை. பதில் கேட்டவர் வேறொருவர். லீவுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்குத் துப்பாக்கியோடு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாளைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்புச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"ஏங்கண்ணு, இதுல அடிச்சா மயிலு விழுகுமா?"

அவர் கொடூரமானவர் அல்ல. வருஷம் தவறாமல் பழனிக்குப் பாத யாத்திரை போகிறவர். ஆனால் விதைத்த நிலக்கடலையை விடியுமுன் கிளறிப் போடுவதும், காய்க்கிற தக்காளியைக் கொத்திப் போடுவதும் அதே முருகனின் வாகனம்தான். விதை, கூலி, உழவு எல்லாம் கடன். மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் சிறை என்பதெல்லாம் அவருக்குக் கடலையைத் திருப்பித் தராது.

பையன் என்ன சொல்வான்? "கேசாயிருமுங்க அப்புச்சி" என்று சொல்லிவிடலாம். ஆனால் உண்மை அதைவிடக் கசப்பானது. ஆறு மாதமாக அவன் எண்ணியது ஜூலையும் பாரையும் மட்டும்தான். அந்த ஜூல் போய் எதில் நிற்கும் என்று ஒருநாளும் எண்ணவில்லை. ஏர்கன் குண்டு பெரிய பறவையை உடனே சாய்க்காமல் போகலாம். உடம்பில் ஈயத்தோடு அது எங்கோ வேலியோரம் போய், நாலைந்து நாள் கிடந்து சாகும். 2021ல் அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி அரசே ஒரு இயக்கம் தொடங்கியது. காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதுதான் அதற்குக் காரணம்.

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று பெண்கள் கிளி ஓட்டிய காட்சியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். கையில் கவண் இருந்தது. தட்டையைத் தட்டி ஓசையும் எழுப்பினார்கள். நோக்கம் கிளியைக் கொல்வதல்ல, கதிரைக் காப்பது. அந்த வேலைக்கு இன்றைக்கும் வழி இருக்கிறது. காற்றில் மினுமினுத்து 'ம்ம்ம்' என்று ஒலிக்கும் ரிப்பன், நாற்று வளரும்வரை வலை, விடியலிலும் சாயங்காலமும் ஒரு ஆள், கூட ஒரு நாய். எதுவும் முழுத் தீர்வு அல்ல. மயில் சீக்கிரம் பழகிக்கொள்ளும், இடத்தை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். உழைப்பு அதிகம். துப்பாக்கி சுலபம். அதனால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு கனமாக இருக்கிறது.

அந்தப் பையன் கடைசியில் கனமான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நல்ல ரெகுலேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, 12 ஜூலில் நிறுத்திக்கொண்டால் என்ன நஷ்டம்? சுவரில் மாட்டிய காகிதத்தில் ஐம்பது குண்டும் ஒரே ஓட்டையில் போகும். பலூன்கடையில் தப்பிய ஆறுக்கும் அதுதான் பதில்.

மறுநாள் விடியலில் அப்புச்சியோடு தோட்டத்துக்குப் போய், துப்பாக்கியைச் சாளையிலேயே வைத்துவிட்டு, மயிலை முடுக்கிக்கொண்டு ஓடினானா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டியூனிங் தெரிந்தவனா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.