பெயர் இல்லாத கட்டம்

சென்ற வாரம் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு பணி கொடுத்தேன். குடும்ப மரம் வரைந்து, நான்கு தலைமுறையினரின் பெயரையும் தொழிலையும் தமிழில் எழுதிவர வேண்டும். உறவுமுறைச் சொற்களைக் கற்பிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மாதிரிக்காக என் தாய்வழிக் குடும்பத்தையே வெண்பலகையில் வரைந்தேன். கொள்ளுப்பாட்டிக்குரிய கட்டத்தில் 'ஆயா' என்று எழுதிவிட்டு நகர்ந்தபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"ஆசிரியர், ஆயான்னா பாட்டிதானே? அவங்க பேரு என்ன?"

எனக்கு விடை தெரியவில்லை. அந்த வயதில் பிள்ளைகள் ஆசிரியரின் தடுமாற்றத்தை மிக விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று சமாளித்தேன்.

கொள்ளுத்தாத்தாவின் பெயர் எங்களுக்குத் தெரியும். பாட்டியின் அடையாள அட்டையில், பாட்டியின் பெயரை அடுத்து 'இன்னாரின் மகள்' என்று அது பதிவாகியிருந்தது. பெற்றவளின் பெயருக்கு அங்கே இடமில்லை. மாணவர்கள் பின்னர் கொண்டுவந்த தாள்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். தாத்தாவின் தந்தை வரை பெயர் இருக்கிறது. பாட்டியின் தாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

அன்று மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு, எங்கள் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் பழைய கருங்கல் குவாரி ஏரியாகிக் கிடக்கும் பூங்காவுக்கு நடந்தேன். (புக்கிட் என்றால் மலாய் மொழியில் குன்று. பாத்தோக் என்பது இருமல் என்றும், பாறைக்கு வெடி வைத்த ஓசையால் வந்த பெயர் என்றும் ஒரு சாரார் சொல்வர்; தேங்காயோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. ஊருக்கே இந்தக் குழப்பம்!) அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. காலையில் உண்டது மாலையில் நினைவிருப்பதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முந்தையவை மட்டும் சில நாள்களில் தெளிவாக வருகின்றன.

"ஆயாவோட பேரு என்னம்மா?"

"ஆயாதான்."

"அது பாட்டியைக் கூப்பிடுற முறையில்லையா? சிவகங்கைப் பக்கம் அம்மாவைப் பெத்தவங்களை ஆயான்னுதானே சொல்வாங்க?"

அம்மா சிரித்தார். "அதுவும் சரிதான். ஆனா தோட்டத்துல எல்லாருமே அவங்களை ஆயான்னுதான் கூப்பிட்டாங்க. ஆயாக்கொட்டகையில பிள்ளை பாத்துக்கிட்டாங்கல்ல? அது அவங்க வேலைம்மா."

இத்தனை ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தும், வீட்டில் புழங்கிய ஒரு சொல்லின் பொருளை நான் பாதிதான் அறிந்திருக்கிறேன்.

அம்மா சொன்னவற்றையும் நான் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். ஆயா 1920களின் பிற்பகுதியில், கங்காணி ஒருவர் திரட்டிய ஆள்களோடு, கணவருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். இருள் பிரியும் முன்பே சமைத்து முடித்துப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பின்னர் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்துவர வேண்டும். அக்காலத்தில் வகுக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் விலைவீழ்ச்சி வந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி குறைந்த பிறகும் வீட்டு வேலை ஆயாவுக்கு முன்போல்தான் இருந்திருக்கும்.

1938இல் தோட்டக் கூலிகள் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. ஆயாவின் ஊரிலிருந்து புதிதாக வருவோர் நின்றுபோயினர். பிறகு ஜப்பானியர் காலம். 1943இல் கொள்ளுத்தாத்தாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆயாவுக்கு, போருக்குப் பின் கால் வீங்கி மரம் வெட்ட முடியாமல் போயிற்று. தோட்டத்தார் அவரைக் கொட்டகையில் வைத்தார்கள். வரிசையாகத் தொங்கும் தூளிகளுக்கு நடுவே அவரது மிச்ச வாழ்க்கை கழிந்தது.

ஆக, அரசாங்கத் தாளில் அவருக்கு இடமில்லை. தோட்டத்தில் வேலையே பெயராயிற்று. வீட்டிலோ பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையில்லை. நம் மரியாதையும் ஒரு பெயரை அழிக்க வல்லது என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயாவின் மகளான என் பாட்டி, 1998இல் மறையும் வரை இதே வீட்டில் எங்களோடுதான் வாழ்ந்தார். நான் அப்போது ஆசிரியப் பணியில் சேர்ந்துவிட்டேன். மாணவர்களுக்குச் சங்ககாலப் பெண்பாற் புலவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்த நான், பக்கத்து அறையில் இருந்தவரிடம் "உங்கள் தாயார் பெயர் என்ன?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் அமர்ந்திருந்தபோது, அம்மா திடீரெனத் தம் இடது முன்கையை நீட்டினார். "இந்த இடத்துல ஆயாவுக்குப் பச்சை குத்தியிருக்கும். அவங்க பேருதான். கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல குத்துனது."

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்படித் தோன்றிய ஒரு தமிழ்ப் பள்ளியில்தான் 1950களின் நடுவில் அம்மா எழுத்துக் கற்றார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் ஆயாவின் கையில் இருந்ததாம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. கிராமத்திலிருந்து கடல் கடந்து சுமந்துவந்த எழுத்துகளை முதன்முதலாக ஒரு பேத்தி வாசிக்கக் கேட்டு, "இன்னொருக்கா படி, இன்னொருக்கா படி" என்று அன்று முழுவதும் கையை நீட்டிக்கொண்டே இருந்தாராம்.

"என்ன படிச்சீங்கம்மா?"

அம்மா வெகுநேரம் யோசித்தார். விரலால் தம் கையில் ஓர் எழுத்தை எழுதினார். 'மு'. அதற்குமேல் வரவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பணிக்காகப் பிள்ளைகள் கேட்கும்போது, 'தெரியாது' என்று எழுதி அனுப்பிவிடாமல், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு மாலைப்பொழுதை அவர்களோடு செலவிடுங்கள். தாளை ஒப்படைக்க இன்னும் இரண்டு வாரம் தவணை தருகிறேன்.

மறுநாள் வகுப்பில் 'ஆயா' என்பதைத் தொழில் வரிசைக்கு மாற்றி, பெயருக்குரிய இடத்தில் 'மு' என்று எழுதிப் புள்ளிகள் இட்டேன். அதே தாள் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் இருக்கிறது. முத்தம்மா, முனியம்மா, முருகாயி என ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அம்மா தலையசைக்கிறார். நேற்று இரவு மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொன்னார்: இரண்டாம் எழுத்துக்கு மேலே புள்ளி இல்லையாம். ஆகவே முத்தம்மா இல்லை.