பதினைந்து காசு அட்டை

எங்கள் வீட்டில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் ஒரு தட்டு தட்டித்தான் பிரிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவு பகலாக சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடுகிற ஊர் அரியலூர். ஜன்னலைச் சாத்தினாலும் அட்டையில் மாவு மாதிரி வெள்ளை படிந்துவிடும்.

1991இல் கோமல் சுவாமிநாதன் ‘சுபமங்களா’வுக்கு ஆசிரியராக வந்தபோது எனக்கு 21 வயது. கடைக்கு இரண்டே பிரதிகள் வரும். ஒன்று எனக்கு. மற்றது பெரம்பலூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்கு. பெரம்பலூருக்கு அன்றும் ரயில் இல்லை, இன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வருவார். பருத்திக்கு மருந்தடிக்கிற வாரம் மட்டும் வரமாட்டார்.

சந்தா கட்டித் தபாலில் வரவழைத்த சிறுபத்திரிகைகள் வேறு. அவற்றுக்கு உடனே கடிதம் எழுதிவிட வேண்டும் என்பது வாத்தியாரின் கண்டிப்பு. சி.சு. செல்லப்பா 1959இல் ஆரம்பித்த ‘எழுத்து’ பற்றி, பார்த்தவர் போலப் பேசுவார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போன மனிதருக்கு நாம் பதினைந்து காசு செலவழிக்கக் கூடாதா என்பார்.

அஞ்சலட்டையில் முகவரிக்குப் போக மிஞ்சுவது ஒன்றரைப் பக்கம். நோட்டுத் தாளில் எழுதிப் பார்ப்பேன். தாள் பறக்காமலிருக்க, சுரங்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கல் நத்தையை மேலே வைப்பேன். உள்ளங்கை அகலம், சுருள் சுருளாக வரி. கடல் இங்கே கிடந்த காலத்து உயிர் அது.

கதைக்கு எப்படியாவது எழுதிவிடலாம். கவிதைக்கு, பிடித்திருந்தது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. “எந்த எடத்துல நின்னியோ அத மட்டும் எழுது தம்பி” என்றார் வாத்தியார். கோடைமழை பற்றிய ஒரு கவிதையில், இலை கழுவப்படுகிற இடத்தில் நான் நின்றிருந்தேன். எங்கள் ஊரில் முதல் மழைக்கு இலை சுத்தமாகாது, தூசி குழைந்து அப்பிக்கொள்ளும், இரண்டாவது மழைக்குத்தான் பச்சை தெரியும் என்று எழுதினேன். அச்சில் வந்தது. வாழ்க்கையில் நான் உருப்படியாக எழுதிய முதல் வரி அதுதான்.

ஒரு கதைக்கு மட்டும் தப்பாக எழுதிவிட்டேன். வேலை முடிந்து வந்த ஒருவன் திண்ணையில் உட்காருகிறான். மனைவி கம்மங்கூழ் கொண்டுவந்து வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. ‘முடிவே இல்லை, ஆசிரியர் பாதியில் விட்டுவிட்டார்’ என்று எழுதி அதுவும் அச்சாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் அதைப் படித்த வாத்தியார் கோபப்படவில்லை. “கத முடிஞ்சிருச்சு தம்பி. நீதான் இன்னும் எந்திரிக்காம உக்காந்திருக்க” என்றார். எனக்குப் புரியவில்லை, சார் என்றேன்.

1995இல் அப்பா போனார். அதே ஆண்டில்தான் கோமலும் காலமாகி ‘சுபமங்களா’ நின்றது. காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகு, அம்மா பழக்கத்தில் திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் எழுந்து அந்தப் பழைய இதழைத் தேடினேன்.

அன்று இரவே பத்திரிகைக்கு இல்லாமல் கதையை எழுதியவருக்கே எழுதினேன். ‘உங்கள் கதை முடிந்துதான் இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை’ என்று இரண்டு வரி. மிச்ச இடத்தில் அப்பாவைப் பற்றியும், மழை பெய்யாததைப் பற்றியும். அந்த ஆண்டுதான் புது மாவட்டம் பிரிந்திருந்தது. அனுப்புநர் இடத்தில் திருச்சி மாவட்டம் என்று எழுதிப் பழகிய கையை நிறுத்தி, பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதினேன்.

பதில் வந்தது. அந்த அட்டை இன்னும் அதே இதழுக்குள்தான் இருக்கிறது. கதையைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. அம்மா சாப்பிடுகிறார்களா என்று கேட்டிருந்தார். இடம் போதாமல் ஓரமாகத் திரும்பி மேலேறிப் போன கடைசி வரியில், ‘அங்கே இரண்டாவது மழை பெய்துவிட்டதா?’