செய்வினை

மக்களுக்கு உயர்வும் தாழ்வும் நேர்வது போலச் சொற்களுக்கும் நேர்வதுண்டு. ‘நாற்றம்’ என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்து நின்று, பின்னர்த் தீய மணத்திற்கே உரியதாயிற்று என்பது தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்ததே. அவ்வாறு நிலை இழிந்த சொற்களுள் ‘செய்வினை’ என்பதும் ஒன்று. வகுப்பறையில் இச்சொல் காதில் விழுந்தால் நாம் குறிப்பேட்டைத் திறக்கிறோம்; ஊர்ப்புறத்தில் இதே சொல் காதில் விழுந்தால் வாயிற்கதவை அடைப்பவர் உளர். ஒரு சொல் இத்துணை வேறுபட்ட இரண்டு இடங்களில் எங்ஙனம் வழங்கலாயிற்று என்பதைச் சிறிது ஆராய்வாம்.

‘வினை’ என்பதற்குச் செயல் என்பதே முதற்பொருள். சங்க நூல்களில் தலைவன் வினைமேற் சென்றான் என்றால், போர் முதலிய கடமை கருதிப் பிரிந்தான் என்பதே கருத்து. நற்றிணையின் 284ஆம் பாட்டிற் ‘செய்வினை’ என்னும் சொல்லே வருகின்றது. தலைவியை நினைந்து வீடு திரும்பத் துடிக்கிறது தலைவன் நெஞ்சு. மேற்கொண்ட செயலை முடியாது மீள்வது இழிவு என்று தடுக்கிறது அவன் அறிவு. இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுத்த பழங்கயிறு போலத் தன் உடல் அழியுமோ என்று அவன் கலங்குகிறான். அவ்வுவமையாலேயே அப்புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர் பெற்றார். திருக்குறளிலும், வினைசெயல்வகை என்னும் 68ஆம் அதிகாரத்தில் இச்சொல் உண்டு. ஒரு செயலைச் செய்யப் புகுவோன் அச்செயலின் உள்ளியல்பை அறிந்தவன் கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆங்கு வள்ளுவர் கூறும் அறிவுரை. இவ்விடங்களிலெல்லாம் ‘செய்வினை’ அஞ்சத்தக்க சொல் அன்று. செய்து முடிக்கவேண்டிய கடமையின் பெயர் அது.

பின்னர் ‘வினை’ என்னும் சொல்லின் மேல் நிழல் படர்ந்தது. நல்வினை, தீவினை என இரண்டையும் ஒப்பக் குறித்த அச்சொல், பேச்சு வழக்கில் தீமையின் பக்கமே சாய்ந்துவிட்டது. விளையாட்டு வினையாயிற்று என்கிறோம். அவ்வினை நல்வினையாக இருத்தல் கூடும் என்று எவரும் கருதுவதில்லை. ‘செய்வினை’யும் அவ்வாறே ஒருவன் மற்றொருவனுக்குக் கேடு கருதி மறைவாகச் செய்யும் மாந்திரிகத்திற்குப் பெயராயிற்று. செம்புத் தகட்டில் எழுத்துப் பொறித்துப் புதைப்பதும், எலுமிச்சம்பழத்தையோ முட்டையையோ வாயிற்படியில் இடுவதும் இதன் முறைகள் என்பர். புதைத்தலைச் ‘செய்வினை வைத்தல்’ என்றும், அதனைத் தோண்டி அகற்றுதலைச் ‘செய்வினை எடுத்தல்’ என்றும் வழங்குவர். வைத்தவரைக் கண்டோர் அரியர். எடுப்பதற்குக் கூலி பெறுவோரோ ஊர்தோறும் உளர்.

இச்சொல்லின் சுற்றத்தாரும் ஆராயத்தக்கவரே. ‘ஏவல்’ என்பது இலக்கணத்தில் முன்னிலையானைப் பணிக்கும் வினைமுற்று. ஊரில் அது பேயைப் பணித்துப் பகைவன்மேல் விடுதல். ‘சூனியம்’ வடமொழியில் வெறுமை. கணித நூலார்க்குச் சுழியம். சிங்கள மொழியிலும் அது ‘ஹூனியம்’ எனத் திரிந்து மாந்திரிகத்தையே குறிக்கின்றது. இத்துணை அச்சத்திற்குரிய சொற்களை நாம் நகையாட்டிற்கும் பயன்படுத்துகிறோம். நீர் இறைக்கும் இயந்திரம் ஓடாது நின்றால், எவரேனும் செய்வினை வைத்துவிட்டனரோ என்கிறோம். தன் செயலாலேயே தனக்குக் கேடு தேடிக்கொள்பவன், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் ஆகிறான். நம் விடுதித் தோழர் பந்தாட்டத்திலே தோற்ற நாளில் இச்சொற்களை வழங்காத வாய் இல்லை. அச்சம் குறைந்த இடத்தில் நகைப்பு முளைக்கிறது போலும்.

இனி இலக்கணத்தை நோக்குவாம். ‘செய்வினை’ என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் செய்த, செய்கின்ற, செய்யும் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கும். வாக்கிய வகையின் பெயராகக் கொண்டாலோ, செய்பவனை எழுவாயாக உடைய வாக்கியத்தை அது குறிக்கும். ‘தச்சன் கதவைச் செய்தான்’ என்பது செய்வினை. ‘தச்சனால் கதவு செய்யப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. ஆயின் ஊரில் வழங்கும் வாக்கியம் யாது? ‘செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்பதே. வைத்தவர் யாவர்? எழுவாய் வெளிப்படவில்லை. இதனை இலக்கணத்தார் தோன்றா எழுவாய் என்பர். ஏனைய வாக்கியங்களில் தோன்றா எழுவாயை முன்பின் வரும் சொற்களைக் கொண்டு அறிந்துகொள்கிறோம். இவ்வொரு வாக்கியத்திலோ, கேட்போர் தத்தம் மனத்திலுள்ள பகையைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பிக்கொள்கின்றனர்.

யான் நான்காம் வகுப்பிற் படித்த ஆண்டில் எங்கள் ஊரில் இவ்வாக்கியம் எழுந்தது. ஒரு வீட்டிற் பசு பால் வற்றிற்று. அடுத்த திங்களில் அவ்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. குறி கேட்டனர், செய்வினை என்று விடை வந்தது. எழுவாய் கூறப்படவில்லை. எனினும் இரண்டு நாட்களில் ஊரார் அதனைக் கண்டுபிடித்துவிட்டனர். எங்கள் தெருவின் கோடியில் ஆப்பம் சுட்டு விற்றுவந்த கைம்பெண் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை அத்தை என்று அழைப்போம். வேலித் தகராறு ஒன்றில் அவ்வீட்டாரோடு அவர் உரத்துப் பேசியது அனைவர் நினைவிலும் இருந்தது. அவருக்காகப் பேசக் கணவனும் இல்லை, மகனும் இல்லை. ஆதலின் அவ்வாக்கியத்தின் வெற்றிடத்தில் அவர் பெயர் எளிதாகப் பொருந்திவிட்டது. ஆலயத்தில் அவரோடு ஒரே பாயில் அமர்ந்த பெண்டிரும் சிறிது விலகி அமரலாயினர்.

என் ஆச்சி மட்டும் நாள்தோறும் காலையில் நான்கு ஆப்பம் வாங்கிவந்து, தெருத் திண்ணையில் வைத்து எங்களை உண்ணச் செய்தார். கேட்டவர்க்கெல்லாம், “உப்புக் கொஞ்சம் குறைவு, வேறு குறை ஒன்றும் இல்லை” என்பதே அவர் விடை. குழந்தையின் நோய் குடற்காய்ச்சல் என்று மருத்துவர் கண்டு மருந்தளிக்க, அது மூன்று வாரத்தில் நலமுற்றது. ஆயினும் அத்தையின் அடுப்பு மீளவும் பழையபடி எரியவில்லை. நான்கு ஆப்பத்தால் ஒரு குடும்பம் பிழைத்தல் இயலுமா? அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னரே அவர் தம் தமையன் இருந்த ஊருக்குச் சென்றுவிட்டார்.

கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகட்கு உண்மையான செயப்பாட்டுவினை இல்லை என்றும், ‘படு’ முதலிய துணைவினைகளால் அப்பொருள் பெறப்படுகிறது என்றும் கூறுவர். ‘படு’ என்பது துன்பம் அடைதலையும் உணர்த்தும். அதிலிருந்து பிறந்த ‘பாடு’ என்னும் சொல்லாலேயே நாம் கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுகிறோம். இதனை வகுப்பிற் கேட்ட அன்று எனக்கு அத்தையின் நினைவே வந்தது. செய்வினை செய்தவர் எனப் பெயர் பெற்ற அவரைக் குறித்து உண்மையாகக் கூறத்தக்க வாக்கியங்கள் யாவும் செயப்பாட்டுவினைகளே: அவர் ஐயுறப்பட்டார்; பழிக்கப்பட்டார்; ஒதுக்கப்பட்டார். இவ்வாக்கியங்களில் ‘ஊரால்’ என்னும் மூன்றாம் வேற்றுமைச் சொல்லைச் சேர்த்து உரைப்போரையோ இன்றளவும் யான் காணவில்லை.

இக்கொடுமை ஒரு தெருவோடு அமைவது அன்று. பெண்டிரைச் சூனியக்காரி எனப் பழித்துத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கிப் பீகார் மாநிலம் 1999இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. பின்னர் வேறு சில மாநிலங்களும் அவ்வாறு செய்தன. சட்டம் அடிப்பவன் கையைத் தடுக்கும். பாயில் விலகி அமர்வோரை அது என் செய்யும்?

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், அவன் அவ்வாறு பிறந்தது எவர் செய்த பாவத்தால் என்று வினவுகின்றனர். அவன் செய்ததோ, அவனைப் பெற்றோர் செய்ததோ என்று எழுவாய் தேடுகின்றனர். ஆண்டவர் அவ்விருவரையும் விலக்கிவிட்டு, பகற்காலம் இருக்குமளவும் செய்யவேண்டிய செயல் உண்டு என்று கூறி, மண்ணைக் குழைத்து அவன் கண்களிற் பூசுகிறார்.

அச்செயலே பழந்தமிழர் கூறிய செய்வினை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்று செய்வினை ஒன்று உண்மையாகவே இருந்தது: நோயின் இயல்பறிந்த மருத்துவரிடம் அதனை எடுத்துச் செல்லுதல். ஆப்பம் விற்ற அத்தையின் வீட்டில் அடுப்பு அணைந்தபோதும் ஒன்று இருந்தது; அதனை ஊர் முழுவதிலும் என் ஆச்சி ஒருவரே செய்தார்.