வில்லன் பிறந்த கதை

படக்காட்சியிற் கதாநாயகிக்குத் தீங்கு சூழ்பவனை நாம் 'வில்லன்' என்கிறோம். அவன் தலை காட்டியவுடன் கொட்டகையிற் கூச்சல் எழுகிறது. ஆயின் அப்பெயருக்கு முதலில் உரியவன் யாருக்கும் தீங்கு செய்தவனல்லன். 'வில்லா' என்னும் இலத்தீன் சொல் நாட்டுப்புறத்துப் பண்ணையைக் குறிப்பது. அப்பண்ணையைச் சார்ந்து உழைத்தவன் 'வில்லானுஸ்'. அச்சொல்லே பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்திற் புகுந்து 'வில்லன்' ஆயிற்று. ஆம், தோழர்களே, வில்லன் என்பவன் தோட்டத் தொழிலாளி!

1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுதப்பெற்ற 'டூம்ஸ்டே' நிலக்கணக்கிலே பெருந்தொகையினராகக் காணப்படுவோர் இவர்களே. பிரபுவின் நிலத்தில் வாரந்தோறும் சில நாள் கூலியின்றி உழைத்தல் வேண்டும். உத்தரவின்றி ஊரை விட்டுப் போதல் கூடாது. மகளுக்கு மணம் முடிக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்டுதல் வேண்டும். 1381-இல் குடியானவர் கிளர்ந்தெழுந்து, லண்டன் மாநகரிற் புகுந்து, இக்கட்டினை அறுத்தெறியுமாறு கேட்டனர். இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் விடுதலைப் பத்திரம் அளித்தார். கூட்டம் கலைந்தபின் அது செல்லாது என்றார். நாளடைவிற் கட்டு அறுந்தது. வசை மட்டும் நின்றுவிட்டது. உழுதவன் தன்னைத்தானே கயவன் என்று அழைத்திருப்பானா? ஏசியவர் மேலிருந்தவர், ஏட்டில் எழுதத் தெரிந்தவரும் பெரும்பாலும் அவரே.

நம்மைச் சுட்டிய சொல்லொன்றும் உண்டு. தமிழிற் கூலி என்பது உழைப்பின் ஊதியம். ஆங்கிலத்தில் அஃது ஆளையே இழிவாகச் சுட்டும் பெயர். அது தமிழிலிருந்து சென்றதென்பர் ஒரு சாரார். கூர்ச்சரத்துக் கோலி என்னும் குடியினரின் பெயரென்பர் மற்றொரு சாரார். எங்கிருந்து சென்றதாயினும், மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர்.

'நேவ்', 'நைட்' என்னும் இரு சொற்களையும் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'பையன்' என்பதே பொருள். ஏவல் செய்பவனையும் குறித்தன. அரசனுக்காகக் குதிரையேறிப் போர் செய்தவன் 'நைட்' என்னும் வீரப்பட்டம் பெற்றான். ஏவலாளாகவே இருந்தவன் 'நேவ்', அதாவது போக்கிரி, ஆனான்.

பிரபுவைக் குறிக்கும் 'லார்ட்' என்பதோ, 'ரொட்டி காப்பவன்' என்னும் பழஞ்சொல்லின் தேய்வு. 'லேடி' என்பவள் ரொட்டிக்கு மாப் பிசைபவள். பிசைந்த கை எப்பொழுது பட்டுக் கையுறை அணிந்ததோ! அவ்வீட்டு வேலையாளுக்கும் அன்று ஒரு பெயர் இருந்தது. 'ரொட்டி உண்பவன்' என்பது அதன் பொருள். ரொட்டி காப்பவனுக்கு இன்றும் லண்டனிற் பிரபுக்கள் சபை இருக்கிறது. ரொட்டி உண்பவனின் பெயர் ஆங்கிலத்தில் வழங்காதொழிந்தது.