பித்தளையும் பதமும்

தமிழிலே பதம் என்பது சொல்லுக்கும் பெயர், பக்குவத்துக்கும் பெயர். பகுபதம், பகாப்பதம் கற்பிக்கும் நாம் இங்கே உலைக்களத்துப் பதத்தைப் பற்றி எழுதப் புகுந்தோம். தமிழாசிரியருக்கு இஃது எற்றுக்கு எனின், கூறுதும்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாம மக்கள் ஊர்விட்டு நீங்கியபோது நாம் மாணாக்கராயிருந்தோம். மறு ஆண்டு சண்டிலிப்பாய்க்கு மீண்டபொழுது, தோட்ட வெளிகளிலே வெற்று ரவைக் கோதுகள் கிடக்கக் கண்டோம். பித்தளைக் கோதுகள் சிலவற்றின் கழுத்து நீளவாட்டிற் பிளந்திருந்தது. அத்தகைய பிளவு எவ்வாறு நிகழும் என்பதைப் பல ஆண்டுகள் கழிந்தே நூல்களிற் படித்தறிந்தோம்.

துப்பாக்கி ரவைக் கோதுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு. 30 பங்கு நாகம். தட்டியும் இழுத்தும் உருவாக்குந்தோறும் அது கடினமுறும். மேலும் வருத்தினாற் பிளக்கும். ஆதலின் இடையிடையே காய்ச்சி மென்மையாக்குவர். இறுதியிற் கழுத்தைத் தீச்சுவாலையிற் காட்டுங் காலம் சில நொடிகளே. காலம் குறைந்தாற் கடினம் நீங்காது; மிகுந்தால் உலோக மணிகள் பருத்து உரம் கெடும். வெப்பம் அடிப்பாகத்துக்கு இறங்கி அதனையும் மென்மையாக்கினால், சுடும்போது எழும் அழுத்தத்தைக் கோது தாங்காது.

இன்னொரு வகைப் பிளவும் உண்டு. இந்தியாவிலே ஆங்கிலேயப் படையினர் மாரிக்காலத்திற் குதிரை லாயங்களில் வைத்திருந்த கோதுகள், ஒருவருஞ் சுடாதிருக்கவே பிளந்தன. லாயத்திலிருந்து எழுந்த அமோனியாவும், பித்தளையுள் உறைந்திருந்த தகைப்புமே காரணம் என மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் 1921 இல் விளக்கினர்.

எம்மைப் பெரிதும் கவர்ந்தது அதற்குரிய மாற்றேயாம். முற்றாக மென்மையாக்க 425 பாகை செல்சியசுக்கு மேற் காய்ச்சுதல் வேண்டும். ஏறத்தாழ 260 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தாலோ, உரம் குன்றாமலே உள்ளிருக்குந் தகைப்புப் பெரும்பாலும் தணிந்துவிடும்.

2009 இற் போர் ஓய்ந்தபின் எமது வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சிலர் புறத்தே குறையொன்றும் இல்லாதவர். கேட்ட வினாவுக்கு விடை பகர்வர். 'எனது வீடு' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தாலோ ஒரு வரியும் எழுதார். அவ்வேளை கண்டித்தல் எளிது. நாம் அத்தலைப்பை விடுத்துப் பனை, பசு, மழை என்பவற்றையே எழுதுவித்து வந்தோம். ஒரு மாணவன் தானாகவே வீட்டைப் பற்றி எழுத இரண்டு தவணைகள் சென்றன. எழுதியது நான்கு பக்கம்.

விழாக் காணும் இந்நாளிலே கல்லூரியின் பெறுபேறுகளை எண்ணி மகிழும் பழைய மாணவரும் ஆசிரியரும், பெறுபேற்றுத் தாளில் இடம்பெறாத அந்த இரண்டு தவணைகளையும் அவற்றோடு சேர்த்து எண்ணுவாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!